கட்டடத்துக்கும் ஒரு பேரேடு உண்டு



துவரம்பருப்பு வாங்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? மூடையின் வாயில் இருப்பதை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசியை நடு மூடையில் குத்தி எடுத்து, ஈரம் இருக்கிறதா, வண்டு விழுந்திருக்கிறதா, கல் கலந்திருக்கிறதா என்று உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறோம். ஐம்பது மூடைப் பருப்புக்கு இவ்வளவு விசாரிக்கும் நாம், அந்தப் பருப்பை அடுக்கி வைக்கும் கட்டடத்தைப் பிடிக்கும்போது என்ன விசாரிக்கிறோம்? வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, லாரி வாசல் வரை வருமா. இந்த மூன்றோடு சரி.

நாமும் நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு ஏற்பட்ட ஓர் அனுபவம் அந்தப் பழக்கத்தை மாற்றியது. அதை நம் இதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

நம்முடைய பழைய கிட்டங்கி போதவில்லை. கடைவீதியை ஒட்டி இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று வாடகைக்கு வந்தது. கீழ்த்தளமும் மேல் இரண்டு தளங்களும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அட்வான்ஸ் பன்னிரண்டு லட்சம். கட்டடத்தின் சொந்தக்காரர் நமக்கு நீண்ட நாள் பழக்கம். "அண்ணாச்சி, நமக்குள்ளே என்ன பேப்பர் வேண்டிக் கிடக்கு? வரி ரசீது இருக்கு, கரண்ட் இருக்கு. நாளைக்கே சரக்கை இறக்குங்க" என்றார்.

நாமும் நாள் பார்த்துவிட்டோம். தடுத்தது நம் மேஸ்திரிதான். முப்பது வருடமாக நம்மிடம் மூடை தூக்குபவர். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "முதலாளி, மேலே ரெண்டாவது மாடிக்குப் போற படியிலே மூடையோட ஆள் திரும்ப முடியாது. மாடித் தளமும் வீட்டுக்குப் போட்ட மாதிரி இருக்கு. எதுக்கும் விசாரிங்க" என்றார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் அந்தப் படியில் ஏறி இறங்கப் போவது அவர்தானே தவிர நாம் அல்ல.

வக்கீலாக இருக்கும் நம் மருமகனிடம் கேட்டோம். "மாமா, கட்டட அனுமதி கொடுத்த கோப்பு நகராட்சியில் இருக்கும். அதில் வரைபடமும் இருக்கும், அதிகாரிகள் வந்து பார்த்து எழுதிய ஆய்வுக் குறிப்பும் இருக்கும். சொந்தக்காரரிடம் நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள்" என்றார்.

சொந்தக்காரரிடம் கேட்டோம். "தேடித் தர்றேன்" என்றார். இரண்டு வாரம் ஆயிற்று. தேடியவருக்குக் கிடைக்கவில்லை. நாமே விண்ணப்பம் எழுதினோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே 1997இல் தமிழ்நாட்டில் இதற்கென்று மாநிலச் சட்டம் கொண்டுவந்தார்கள் என்பது நமக்குப் பெருமை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வருபவைதான்.

பலர் இந்தச் சட்டம் என்றால் கடிதம் போட்டுப் பதில் வாங்குவது மட்டும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. பிரிவு 2(ஜே) நமக்கு நான்கு உரிமைகளைத் தருகிறது. ஆவணங்களை அலுவலகத்துக்கே சென்று நேரில் பார்க்கலாம். குறிப்பு எடுத்துக்கொள்ளலாம். சான்றிட்ட நகல் வாங்கலாம். பொருள்களின் மாதிரியும் எடுக்கலாம். கட்டடக் கோப்புகளைப் பொறுத்தவரை நேரில் பார்ப்பதே சிறந்தது என்பது நம் அனுபவம். கோப்பில் எத்தனை தாள் இருக்கிறது, எது முக்கியம் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. பார்த்துவிட்டு வேண்டிய தாள்களுக்கு மட்டும் நகல் கேட்கலாம்.

எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் "உமக்கு எதுக்கய்யா அந்தக் கட்டடம்?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். சட்டப்படி சொல்ல வேண்டியதில்லை என்று பணிவாகச் சொன்னால் போதும்.

விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையை விண்ணப்பத்தில் ஒட்டினாலே போதும். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். நேரில் பார்க்க முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. பன்னிரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுக்கும் இடத்தில் இது ஒரு செலவே அல்ல.

என்ன கேட்க வேண்டும்?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "இந்தக் கட்டடம் விதிப்படி கட்டப்பட்டதா? ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேள்வியாக எழுதினால், "கருத்து கூற இயலாது" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் தாளைத்தான் கேட்க வேண்டும். புதிதாக ஆராய்ந்து பதில் எழுதித் தர அவர்களுக்குக் கடமையில்லை. நாம் கேட்டவை இவை:

1. மேற்படி கட்டடத்துக்கு வழங்கிய கட்டட அனுமதி உத்தரவின் நகல்.

2. அத்துடன் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல்.

3. கட்டுமானத்தின்போதும் அதற்குப் பின்னும் அலுவலர்கள் இடத்தைப் பார்வையிட்டு எழுதிய கள ஆய்வுக் குறிப்புகள் அனைத்தின் நகல்.

4. பணி நிறைவுச் சான்று வழங்கப்பட்டிருந்தால் அதன் நகல்.

5. விதிமீறல் குறித்து அறிவிப்புகள் அனுப்பப்பட்டிருந்தால் அவற்றின் நகல், அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல்.

6. மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தர வேண்டுகிறோம்.

கட்டடத்தை அடையாளம் காட்டத் தெரு, கதவு எண், வார்டு, சர்வே எண், சொத்து வரி விதிப்பு எண், கட்டிய ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும். கதவு எண் மட்டும் எழுதினால் போதாது. பழைய எண், புதிய எண் என்று மாறியிருக்கும். "ஆவணம் கிடைக்கவில்லை" என்று பதில் வர அதுவே சாக்காகிவிடும்.

மேலே எழுத வேண்டிய முகவரி: பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அலுவலகம். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். ஆகவே விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்துதான் நம் கணக்கு ஓடத் தொடங்குகிறது.

பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுப்பது உள்ளாட்சி அல்ல. நகர் ஊரமைப்பு இயக்ககமோ சென்னைப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ ஆகும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலையில்லை. பிரிவு 6(3)இன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

பதில் வராவிட்டால்?

முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். நமக்கு வரவில்லை. முப்பத்தைந்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. "கோரிய தகவல் மூன்றாம் நபர் தொடர்பானது. வழங்க இயலாது" என்று இரண்டே வரி.

மனம் சோர்ந்துதான் போனோம். மருமகன் சிரித்தார். "மாமா, வராத பாக்கிக்கு நீங்கள் எத்தனை தரம் நடப்பீர்கள்? ஒரு தரம் இல்லை என்றதும் பேரேட்டில் கழித்து எழுதிவிடுவீர்களா?" என்று கேட்டார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

பிரிவு 19(1)இன்படி, பதில் கிடைத்த நாளிலிருந்தோ கெடு முடிந்த நாளிலிருந்தோ முப்பது நாளுக்குள், அதே அலுவலகத்தில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். நாம் எழுதியதன் சாரம் இதுதான்: மூன்றாம் நபர் என்பதால் மட்டும் மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. அவர் இரகசியமாகக் கொடுத்த தகவல் என்றால் பிரிவு 11இன்படி அவருக்கு அறிவிப்பு அனுப்பிக் கருத்துக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அனுமதி உத்தரவும் ஆய்வுக் குறிப்பும் அலுவலகம் தானே எழுதியவை. ஆட்கள் வேலை செய்யப் போகும் கட்டடத்தின் பாதுகாப்பு பொதுநலன் சார்ந்தது; பிரிவு 8(2) பொதுநலனை முன்னிட்டுத் தகவல் தர வழி செய்கிறது. கோப்பில் தனிப்பட்ட விவரம் ஏதும் இருந்தால் பிரிவு 10இன்படி அதை மட்டும் மறைத்து மீதியைத் தரலாம்.

தனிநபர் விவரங்களைப் பற்றிய பிரிவு 8(1)(ஜே)யை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி, விலக்கை இன்னும் இறுக்கியிருக்கிறது. ஆகவே இனி விண்ணப்பிப்பவர்கள் சொந்தக்காரரின் குடும்ப விவரம், கைபேசி எண், ஆதார் போன்றவற்றைக் கேட்காமல், கட்டடத்தைப் பற்றி மட்டும் கேட்பது புத்திசாலித்தனம். நமக்கு வேண்டியதும் அதுதானே.

முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாளில், அதிகபட்சம் நாற்பத்தைந்து நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு போகலாம். உரிய காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கெடு தாண்டிவிட்டால் நகலுக்குக் கட்டணமும் வாங்கக் கூடாது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. மேல்முறையீட்டில் நேரில் பார்வையிட உத்தரவு கிடைத்தது.

கோப்பில் இருந்தது

பதிவறையில் துணியில் கட்டி வைத்திருந்த மூட்டையை எழுத்தர் அவிழ்த்தார். தூசியைத் தட்டி ஒரு கோப்பை எடுத்து வைத்தார். நாம் கணக்குப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். இருவரும் உட்கார்ந்து தாள் தாளாகப் படித்தோம்.

அனுமதி கொடுத்தது கீழ்த்தளத்தில் கடைக்கும் முதல் மாடியில் குடியிருப்புக்கும் மட்டும். இரண்டாவது மாடி வரைபடத்திலேயே இல்லை. அதற்கடுத்த தாளில், ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து எழுதிய குறிப்பு: அனுமதியின்றி ஒரு தளம் கூடுதலாகக் கட்டப்பட்டுள்ளது, மாடிப்படியின் அகலம் வரைபடத்தில் உள்ளதைவிடக் குறைவு, பின்பக்கம் விட வேண்டிய இடம் விடப்படவில்லை. அதற்கடுத்து ஓர் அறிவிப்பின் அலுவலக நகல். அதற்குப் பின் தாள் எதுவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோப்பு அப்படியே தூங்கியிருக்கிறது.

நம் மேஸ்திரி கண்ணால் பார்த்துச் சொன்னதை ஆய்வாளர் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். நமக்கு வியர்த்துவிட்டது.

வீட்டுக்காகப் போட்ட தளம் என்றால் என்ன என்று ஒரு பொறியாளரிடம் கேட்டோம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடியிருப்பு அறைத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்குக் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். சரக்குக் கிட்டங்கி என்றால் குறைந்தது சுமார் 750 கிலோவுக்குக் கணக்கிட வேண்டும். அடுக்கும் உயரம் கூடினால் அதுவும் கூடும். நம் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஐம்பது கிலோ மூடை இரண்டு படுக்கும். பத்து அடுக்கு அடுக்கினால் இருபது மூடை, ஆயிரம் கிலோ. இருநூறு தாங்கக் கட்டிய இடத்தில் ஆயிரம்! கீழே கல்லாவில் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

2014 ஜூன் 28இல் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். கட்டடம் விழுந்தால் முதலில் சாவது உழைக்க வந்தவர்கள்தான்.

"வரி கட்டுகிறோமே!"

நம்மில் பெரும்பாலோர் நம்பியிருப்பது இதைத்தான். சொத்து வரி ரசீது கட்டடம் விதிப்படி கட்டப்பட்டது என்பதற்குச் சான்று ஆகாது. மின் இணைப்பும் ஆகாது. 2011 அக்டோபர் இறுதியில் சென்னை தியாகராய நகரில் விதிமீறல் காரணமாகப் பல வணிகக் கட்டடங்களுக்குச் சீல் வைத்தபோது அங்கே வியாபாரம் செய்தவர்களும் வரி கட்டியவர்கள்தாம். நகர் ஊரமைப்புச் சட்டம் (1971) பிரிவு 56, 57 அதற்கு அதிகாரம் தருகிறது. சீல் வைக்கும்போது உள்ளே இருப்பது சொந்தக்காரரின் சரக்கு அல்ல, வாடகைதாரரின் சரக்கு.

2024 டிசம்பர் 17இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்டுமான இடத்தில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை வைத்திருக்க வேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது பார்வையிட்டு அதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அனுமதியற்ற கட்டடத்தில் எந்தத் தொழிலுக்கும் உள்ளாட்சிகள் உரிமம் தரக் கூடாது என்றும், வங்கிகள் நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பின்பே அந்தக் கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. கட்டடத்தில் குறை இருந்தால் நாளை நம் தொழில் உரிமமும் கடனும் சேர்ந்து ஆடும் என்பதுதான் இதன் பொருள்.

நம் வீட்டு அடுப்பங்கரை

இனி சொல்லப்போவது சொல்லக் கொஞ்சம் வெட்கமான விஷயம். ஆனாலும் சொல்லாவிட்டால் கட்டுரை பாதிதான்.

கோப்பைப் பார்த்து முடித்து எழுந்தபோது அந்த எழுத்தர், "ஐயா, உங்க கடைக் கோப்பும் இதே கட்டிலேதான் இருக்கு. அதையும் பார்க்கிறீங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, அக்கறையாகக் கேட்டாரா தெரியாது. முறைப்படி நம் கட்டடத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்த்தோம்.

நம் தகப்பனார் காலத்தில் கடையின் பின்பக்கத்தில் காலியாக விட்ட சந்தைத் தகரம் போட்டு மூடினோம். எண்ணெய் டின்கள் நனையாமல் இருக்க அப்போது அது வசதியாக இருந்தது. அந்தச் சந்து, தீ பிடித்தால் ஆட்கள் வெளியேறவும் தீயணைப்பு வண்டியின் குழாய் உள்ளே வரவும் விட்ட வழி. 1991இல் ஓர் ஆய்வாளர் வந்து பார்த்து, அகற்றும்படி எழுதியிருக்கிறார். அறிவிப்பு வந்ததாக நமக்கு ஞாபகமே இல்லை. வந்திருக்கும், தகப்பனார் பெட்டியில் போட்டிருப்பார். அந்தத் தகரத்துக்கு அடியில் முப்பது ஆண்டுகளாக எண்ணெய் டின்னும் காலிச் சாக்கும் தீப்பெட்டிக் கட்டும் அடுக்கி வைத்திருந்தோம்.

ஊரார் கட்டடத்தில் குத்தூசி போட்ட நாம் நம் மூடையை ஒரு நாளும் குத்திப் பார்க்கவில்லை. அந்த மாதமே தகரத்தைப் பிரித்தோம். சரக்கு வைக்க இடம் குறைந்தது உண்மை. இரவு கடையைப் பூட்டும்போது மனம் இலேசாக இருப்பதும் உண்மை.

பிறகு என்ன ஆயிற்று?

கட்டடச் சொந்தக்காரரிடம் நகலைக் காட்டினோம். முதலில் கோபித்தார். "என் மேல நம்பிக்கை இல்லையா அண்ணாச்சி? ஆபீசில போய் நோண்டிட்டீங்களே" என்றார். மூன்று மாதம் பேச்சில்லை. பிறகு அவரே வந்தார். வேறொரு வியாபாரியும் அதே தாள்களைக் கேட்டிருக்கிறார். பொறியாளரை வைத்துப் பார்த்து, இரண்டாவது மாடியைக் காலி செய்துவிட்டு, வரன்முறைக்கு வழி உண்டா என்று அலுவலகத்தில் விசாரிக்கத் தொடங்கினார். கீழ்த்தளத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். அட்வான்ஸ் நான்கு லட்சம். மாடியில் ஒரு மூடையும் ஏற்றுவதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். சிநேகம் போகவில்லை, பன்னிரண்டு லட்சமும் போகவில்லை.

வாசகர்கள் செய்யக் கூடியது

முதலில் சொந்தக்காரரிடமே கேளுங்கள். நல்ல கட்டடம் வைத்திருப்பவர் தயங்காமல் கொடுப்பார். அவரே விண்ணப்பித்து வாங்கித் தந்தால் மூன்றாம் நபர் என்ற பேச்சே எழாது. அல்லது சம்மதக் கடிதம் ஒன்று வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். நகல் கைக்கு வந்ததும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய், எத்தனை தளம், படி அகலம், விட்ட இடம், என்ன உபயோகம் என்று நான்கையும் ஒப்பிடுங்கள். சிறிய கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. நம் கட்டடத்துக்கு விலக்கு உண்டா என்று ஒரு பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்பு எதுவும் வந்தால் பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு.

இன்னொன்று. இந்தச் சட்டத்தைப் பக்கத்துக் கடைக்காரர் மேல் உள்ள பகைக்காகப் பயன்படுத்த வேண்டாம். கோப்பு வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுபவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அப்படிச் செய்பவர்களால்தான் அலுவலகங்களும் நேர்மையான விண்ணப்பதாரரைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதிரி விண்ணப்பம் ஒன்றை அச்சடித்துச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். எழுதத் தெரியாத உறுப்பினருக்கு நிரப்பிக் கொடுக்க ஓர் ஆளை வாரம் ஒரு நாள் உட்கார வைக்கலாம். செலவு அதிகமில்லை.

நம் கடைக்குப் பேரேடு இருப்பதுபோல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் நகராட்சியில் ஒரு பேரேடு இருக்கிறது. அதில் வரவும் எழுதியிருக்கும், பாக்கியும் எழுதியிருக்கும். பாக்கி இருக்கும் கணக்கைப் பார்க்காமல் யாரும் புதுச் சரக்குக் கடன் கொடுப்பதில்லை. கட்டடத்துக்கும் அதே வழக்கத்தைக் கைக்கொள்வோம்.